ஏழாம் எண்ணின் நடை

கணினித் திரையில் அந்தப் புள்ளி பதினோராம் நாளும் நடந்தது. காலையில் சுனை, மாலையில் அதே மேடு. சலாலா நகரின் வனவிலங்கு ஆய்வு அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து, ஆறிய தேநீரைக் குடித்தபடி காலியா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் எண் பெண் சிறுத்தையின் கழுத்துப்பட்டை அனுப்பும் புள்ளி. காலியா பட்டை மாட்டிய மூன்று சிறுத்தைகளில் மிஞ்சியது இது ஒன்றுதான். பிரிந்துபோன கணவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாது. இது எந்தப் பாறையில் படுக்கும் என்று தெரியும். சுனையும் மேடும் ஆடு மேயும் வழி என்பதால், சிறுத்தை ஆட்டு மந்தையின் பின்னாலேயே திரிகிறது என்று பாதிக் கட்டுரையும் எழுதியாயிற்று. ஒன்றுதான் உறுத்தியது. புள்ளி நடுப்பகலிலும் நடக்கிறது; சிறுத்தை அந்நேரம் படுத்துக் கிடக்குமே?

மறுநாள் வண்டியில் மலையேறினாள்.

மேட்டில் துஃபூல் இருந்தாள். பிள்ளைகள் பட்டணம் போனபின் நாற்பது வெள்ளாடுகளோடு தனியாகக் கிடப்பவள். முன்னால் போகும் ஆட்டின் கழுத்தில் பட்டை தொங்கியது.

"வந்துட்டியா? ஒனக்குன்னு காய்ச்சின பாலு மூணுதரம் திரிஞ்சு போச்சு."

"எங்கக்கா கெடச்சுது இது?"

"பள்ளத்துல, வாரு அறுந்து. சிறுத்தை இந்தப் பக்கம் சுத்தினப்பல்லாம் நீ வந்தே. பட்டை அசையாமக் கெடந்தா வந்து எடுத்துட்டுப் போயிருவே. அப்புறம் எதுக்கு வரப்போறே?"

"என்னைப் பொய் எழுத வச்சுட்டியேக்கா!"

"நான் கட்டினது ஆட்டுக்கு. சிறுத்தைன்னு எழுதினது யாரு?"

காலியா அறுந்த வாரைப் பார்த்தாள். "சிறுத்தை செத்துப்போச்சா?"

துஃபூல் கோலை எடுத்தாள். "ரத்தமும் பாக்கல, எலும்பும் பாக்கல. வா."

மந்தை முன்னே போனது. மேட்டில் ஆடுகள் கல்லை நக்காத குறை; பள்ளத்திலோ இடுப்பளவு புல், வாய் படாமல் நின்றது. விளிம்பில் வந்து நாற்பதும் நின்றன.

"மழை நின்னதுலேருந்து இப்படித்தான். பசியில கத்துதுங்க, எறங்க மாட்டேங்குதுங்க."

காலியாவுக்குத் திரை நினைவுக்கு வந்தது. பதினோரு நாளும் புள்ளிகள் இந்தப் பள்ளத்தைச் சுற்றி வளைந்தே போயிருந்தன. அவள் புள்ளிகளை மட்டுமே பார்த்திருந்தாள். நடுவிலிருந்த வெற்றிடத்தைப் பார்க்கவில்லை.

பட்டையைக் கழற்ற நீட்டிய கையை மெல்லப் பின்னிழுத்துக்கொண்டாள்.

"இருக்கட்டுமா?" என்றாள் துஃபூல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"இருக்கட்டும்க்கா."

பட்டை கட்டிய ஆடு முன்னங்கால்களை மண்ணில் ஊன்றிக்கொண்டு, காதுகளைப் பள்ளத்தின் பக்கம் விறைப்பாக நிறுத்தியது. கீழே, காற்றில்லாத புல்லில் ஒரு கீற்று மட்டும் அசைந்தது.