சக்தி என்று பெயர் வைத்த குழு

1997-இல் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலிருந்து நான் தொடங்கிய மின்னஞ்சல் குழுவுக்குச் 'சக்தி' என்று பெயர் வைத்தது என் புத்திகெட்ட வேலை. மின்சாரமோ எண்ணெயோ இல்லாமல், காந்தத்தை மட்டும் வைத்து மோட்டர் ஓட்ட முடியுமா என்று சோதிப்பவர்களுக்கான குழு அது. முடியும் என்றே நம்பினேன். தொலைபேசி இலாகாவில் முப்பது வருஷம் கம்பி பார்த்தவன் நான்; பள்ளிப் புத்தகம் சொல்வதெல்லாம் எனக்கு வேதவாக்கு இல்லை.

ஆனால் சக்தி என்றால் தமிழனுக்கு மோட்டரா நினைவுக்கு வரும்? முதல் மாதமே செராஸிலிருந்து சந்திரகலா என்பவர், அம்மன் அருளால் மூட்டுவலி போன கதையை ஆங்கில எழுத்துத் தமிழில் நீட்டி முழக்கினார். தொடர்ந்து கனவு, தகடு, குறி எல்லாம் வந்தன. வேண்டாம் என்று பணிவாக எழுதினேன், பிறகு கோபமாகவும் எழுதினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குழுவில் இருந்த எண்பத்திரண்டு பேரில் உண்மையாகவே மோட்டர் செய்தவன் ஒருவன்தான், சுங்கை வே தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த கிரிகரி. ஞாயிறுதோறும் மோட்டர் எத்தனை சுற்று சுற்றியது என்று எழுதுவான். அவனும் வெறுத்துப்போய் விலகினால் குழு பஜனை மடம்தான் என்று பயந்தேன்.

அதனால் ஒரு விதி போட்டேன்: அளந்த எண் இல்லாத கடிதங்களை அழித்துவிடுவேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. மறுநாளே எண்கள் வந்து குவிந்தன. விபூதிக்கு முன் ரத்தச் சர்க்கரை 14.2 மில்லிமோல், பின் 9.1. காந்தத்தின்மேல் வைத்த தண்ணீரைத் தினம் எட்டு கிளாஸ் குடித்துப் பதினோரு நாளில் சிறுநீரகம் தேறியது என்றார் வேலாயுதம் என்பவர். எரிச்சலாக வந்தது. ஆனாலும் எண் இருந்ததே, விட்டுவிட்டேன்.

இரண்டு ஞாயிறு கிரிகரியிடமிருந்து கடிதம் இல்லை. மூன்றாவது ஞாயிறு வந்தது. 'மகதலேனா. நாள் 5. காந்தத் தண்ணீர் 8 கிளாஸ். கால் வீக்கம் அரை அங்குலம் குறைவு.'

மகதலேனா அவன் மனைவி. வாரம் மூன்று முறை கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்பவள். உடனே போன் போட்டேன்.

"மோட்டர பிரிச்சிட்டேன் அண்ணே. காந்தமெல்லாம் தண்ணி ஜக்குக்கு அடியில இருக்கு," என்றான்.

"டயாலிசிஸ்?"

"இந்த வாரம் போகல லா. ஊசின்னாலே அழுவுறா, பாவம்."

காந்தத் தண்ணீரில் ஒரு மண்ணும் இல்லை, அந்த வேலாயுதம் எழுதியது சுத்தப் புளுகு, இப்போதே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ என்று கெஞ்சினேன்.

"புளுகா இருந்தா நீங்க அழிச்சிருப்பீங்களே அண்ணே," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

மறுபடி அழைத்தேன். லைன் கிடைக்கவில்லை. அப்போதெல்லாம் இணையமும் அதே போன் கம்பியில்தான்; இணையத்தில் இருந்தான், எங்கள் குழுவில்தான் இருந்திருப்பான். ஓடிப்போய்க் கதவைத் தட்டலாம் என்றால், சுங்கை வேயில் அவன் வீடு எந்த ஜாலானில், அதாவது எந்தத் தெருவில், இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக அவனிடம் நான் கேட்டதெல்லாம் எண்கள்தான்.