சிவப்புதான் மேல

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மைதான ஓரத்தில் ஒரு பெண்மணி கையில் ரிமோட்டோடு நின்று, "எது மேல?" என்று கத்தினாள். தள்ளிக் குந்தியிருந்த ஆள், "மஞ்சள்!" என்றான். நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

பரணிலிருந்து தூசி படிந்த ரிமோட் ஹெலிகாப்டரை இறக்கியபோது அக்காவின் கண்கள்

(வேண்டாம். கலங்கின என்றுதான் முடியும். அவள் மருந்துக்கடை நடத்துகிறவள், சும்மா கலங்கமாட்டாள்.)

3

திரும்ப ஆரம்பிக்கிறேன். பெற்றோர் வீட்டை விற்றாயிற்று. மாலையில் சாவி கை மாற வேண்டும். அதற்காகத்தான் தம்பி வந்திருந்தான். இருவருக்கும் பல வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. (சண்டைக்குக் காரணம் எழுதி எழுதி அடித்துவிட்டேன். அக்கா தம்பி முறைத்துக்கொள்ளக் காரணத்துக்கா பஞ்சம்?) இந்த வீடும் போய்விட்டால் பார்த்துக்கொள்ளச் சாக்கே இல்லை.

பரணில் கிடைத்தது, சின்ன வயதில் இருவரும் சேர்ந்து பாகம் பாகமாகப் பூட்டிய ரிமோட் ஹெலிகாப்டர்.

"இது இன்னும் பறக்குமாக்கா?"

அக்கா என்று கூப்பிட்டுவிட்டான்! அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளாமல், "பிட்ச் வைக்கணும். பேட்டரி செத்திருக்கும்" என்றாள். அவன் கடைக்கு ஓடிப் புதுசு வாங்கிவந்தான்.

4

தெரியாதவர்களுக்கு: மேலே சுற்றும் இரண்டு பிளேடும் ஒரே அளவு சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் பிட்ச். ஒரு முனையில் சிவப்பு டேப், மறு முனையில் மஞ்சள் ஒட்டிப் பறக்கவிட்டால், சாய்வு கூடியது மயிரிழை மேலே ஓடும். இறக்கி, அந்த பிளேடைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பியை அரைத் திருகு திருக வேண்டும். சரியானால் இரண்டும் கலந்து ஒரே ஆரஞ்சுக் கோடு.

கண்மட்டத்தில் நிறுத்தினால் ஓட்டுகிறவரே பார்த்துக்கொள்ளலாம். அக்காவுக்கு அது சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்தும் தம்பியைத்தான் பார்க்கக் கூப்பிடுவாள்.

5

பின்பக்கம், துணி காயும் கொடியை அவிழ்த்துவிட்டு, ஹெலிகாப்டரைக் கிளப்பினாள். தம்பி தள்ளிப் போய்க் குந்தினான். முழங்கால் சத்தம் போட்டது.

"வயசாயிடுச்சுடா உனக்கு."

"உனக்கு மட்டும் குறையுதாக்கும்?"

"வாயை மூடிட்டுப் பாரு. எது மேல?"

"மஞ்சள்!"

இறக்கினாள், திருகினாள், ஏற்றினாள். இப்போது ஒரே கோடு. ஆரஞ்சு, பிசிறில்லாமல். அவளுக்கே நன்றாகத் தெரிந்தது. வேலை முடிந்தது. முடிந்தால் அவன் எழுந்து கையைத் தட்டிவிட்டுக் கிளம்புவான்.

"எது மேல?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

தம்பி உற்றுப் பார்த்தான். நேரம் எடுத்துக்கொண்டான்.

"சிவப்பு" என்றான்.

அவள் இறக்கினாள். பிளேடு நிற்கும்வரை காத்திருந்து கம்பியைப் பிடித்தாள். திருகுவதுபோல் விரலை மட்டும் உருட்டினாள். மறுபடி ஏற்றினாள்.

"இப்ப?"

"இப்பவும் சிவப்புதான் மேல."

6

முடிவு ஒன்று: கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (அந்தக் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது.)

முடிவு இரண்டு: பேட்டரி தீர்ந்து (கிழித்துப் போட்டேன்.)

வாசலில் மணி அடிக்கிறது. சாவி வாங்க வந்தவர். பின்பக்கம் அவர்களுக்கு மணி கேட்காது, ஹெலிகாப்டர் சத்தத்தில். நான் போய்த் திறக்கப்போவதில்லை. மனசு வந்தால் நீங்கள் போய்த் திறங்கள்.