தங்கச்சி வீட்டுக்காரர்

நெதர்லாந்தின் டெவென்டர் ஊரில் ஹெஸ்ஸலைத் தெரியாதவர்கள் குறைவு. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற நாளில், இனிமேல் காலைப்பொழுதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பயந்தவர் அவர். இப்போது எழுபத்து மூன்று வயதில், பொழுது போதவில்லை என்று அலுத்துக்கொள்கிறார். சமூகக் கூடத்தில் பட்டாணி சூப் கிண்ட அவர் வேண்டும். ஊர்வலம் வந்தால் பதாகையின் ஒரு முனையைப் பிடிக்க அவர் வேண்டும். தன்பாலீர்ப்பு ஆண்களின் பாட்டுக்குழுவில் கனத்த குரலுக்கும் அவர்தான். அந்தக் குழுவில் பாதிப் பேருக்குக் காது மந்தம். அதனால் எந்தப் பாட்டானாலும் கொஞ்சம் சத்தமாகவே இருக்கும்.

வியாழக்கிழமைகளில் படகேறி, அக்கரையில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போவார். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் ஒன்று அங்கே உண்டு. தனியாக ஓட்ட முடியாதவர்களை அதில் ஏற்றி, ஆற்றங்கரையில் ஒரு சுற்று அழைத்துப் போவது ஹெஸ்ஸலின் வேலை. போன வசந்தத்தில் ஏவர்ட் என்ற ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியரை அப்படித்தான் ஏற்றினார். முதல் நாள் முழுக்க ஏவர்ட் மேகங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். சில வாரம் கழித்து, எதிர்காற்றில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தபோது, ஹெஸ்ஸலின் கைமேல் தன் கையை வைத்தார்.

"தப்புன்னா சொல்லிடு. இத்தனை வயசுக்கு இன்னிக்குத்தான் ஒருத்தர்கிட்ட தைரியம் வந்திருக்கு."

ஹெஸ்ஸல் சைக்கிளை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்தக் கை போய்விடுமோ என்று பயந்தார். அந்தக் காற்றுக்கு இன்றுவரை அவர் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

சங்கடம் பிறகு வந்தது. ஹெஸ்ஸல் வியாழக்கிழமை மட்டுமல்லாமல் தினமும் வர ஆரம்பித்ததும், சாப்பாட்டு மேசையில் கூட உட்காரும் பூர்ஸ்மா அம்மாள் கேட்டுவிட்டார், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று. ஏவர்ட் திணறி, "தங்கச்சி வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டார். தங்கை தீனெகா வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் இருந்தாள். வருஷத்துக்கு இரண்டு முறை போனில் பேசுவாள், நேரில் வருவதில்லை. அந்தப் பொய்யால் ஆபத்து எதுவும் வராது என்றுதான் தோன்றியது.

இப்போது ஏவர்டுக்கு எண்பது ஆகப்போகிறது. இல்லத்தின் பொதுக்கூடத்தில் பிறந்தநாள் விருந்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள்.

"உன் பாட்டுக்குழு வேண்டாம்" என்றார் ஏவர்ட். "அவங்க போடற ரோஸ் ஸ்கார்ஃபைப் பாத்தாலே எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"அவங்க மூணு பாட்டு தயார் பண்ணியிருக்காங்கப்பா."

"வேற யாருக்காவது பாடச் சொல்லு."

"சரி. நானாவது வரலாமா?"

"நீ வராம எப்படி? தங்கச்சி வீட்டுக்காரரா வா."

ஹெஸ்ஸல் ஜன்னலைப் பார்த்தார். இருபத்து நாலு வயதில் அப்பாவிடம், உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்த மேசையில், உண்மையைச் சொன்னவர் அவர். அதற்குப் பிறகு யாரிடமும் தன்னைப் பற்றிப் பொய் சொன்னதில்லை.

"உனக்கு அங்கே போனா வீடு, கூடம், குழு எல்லாம் இருக்கு" என்றார் ஏவர்ட், மெதுவாக. "எனக்கு இந்த நாலு பேரோட சாப்பாட்டு மேசைதான். அன்னிக்கு டிவில நம்ம ஆளுங்களோட படகு ஊர்வலம் காட்டினப்போ மூர்மன் சேனலை மாத்தச் சொன்னாரு. அந்த ஆள்தான் எனக்கு எதிர் நாற்காலி. இனிமே நான் தனியா உக்காந்து சாப்பிடணுமா?"

ஹெஸ்ஸல் அவர் கோட்டின் காலரைச் சரிசெய்துவிட்டார். "வரேன். உன் தங்கச்சி குடுத்து வச்சிருக்கணும்."

பிறந்தநாளன்று காகிதத் தோரணம் கட்டி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். காபியும் ஆப்பிள் கேக்கும் வந்தன. அந்த நாட்டில் பிறந்தநாள்காரருக்கு மட்டும் கை கொடுத்துவிட்டு யாரும் உட்கார்ந்துவிட முடியாது. வட்டம் முழுக்கச் சுற்றி வந்து, உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, அவரவர் உறவைச் சொல்லி வாழ்த்த வேண்டும். மகனுக்கு உங்கள் அப்பாவின் பிறந்தநாள் வாழ்த்து, மனைவிக்கு உங்கள் கணவரின் பிறந்தநாள் வாழ்த்து. உறவை மாற்றிச் சொல்வது அவர்களிடையே பெரிய அவமரியாதை.

பூர்ஸ்மா அம்மாளுக்குத் தொண்ணூற்றொன்று. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அவர்தான் முதலில் வந்தார். ஏவர்டை வாழ்த்திவிட்டு ஹெஸ்ஸல் பக்கம் திரும்பினார்.

"உங்க மச்சானுக்குப் பிறந்தநாள். உங்களுக்கும் வாழ்த்துகள், தம்பி."

"நன்றிம்மா."

அடுத்தவர் அதையே சொன்னார், அதற்கடுத்தவரும். மூர்மன் கூட, கேக் துணுக்கு ஒட்டிய விரல்களோடு, "மச்சானுக்கு வாழ்த்து" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். ஹெஸ்ஸல் எல்லோருக்கும் சிரித்துக் கை கொடுத்தார். கூட்டத்தில் டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப் போல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் கதவு திறந்தது. கையில் ஒரு பெரிய சர்க்கரை ரொட்டியோடு, தொப்பி கலைந்து, ஒரு வயதான பெண் நின்றாள்.

"எண்பது வயசுக்குப் போன்ல வாழ்த்தினா நல்லா இருக்காதுன்னு வந்துட்டேன், அண்ணா. ரயில் மாறி மாறி இடுப்பே போச்சு."

ஏவர்டின் முகம் வெளுத்தது. பூர்ஸ்மா அம்மாளோ பூரித்துப்போனார்.

"நீங்கதான் தங்கச்சியா? அண்ணன் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள். உங்க வீட்டுக்காரர் முன்னாடியே வந்துட்டாரு, பாருங்க."

"என் வீட்டுக்காரரா?" என்றாள் தீனெகா. "அவர் செத்து ரொம்ப வருஷம் ஆச்சேம்மா."

"இதோ, இவரு."

தீனெகா ஹெஸ்ஸலை ஷூவிலிருந்து தலை வரைக்கும் பார்த்தாள். "ஆள் நல்லாத்தான் இருக்காரு. எனக்குச் சொல்லாம எப்போ கல்யாணம் பண்ணி வச்சாங்க?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் ஏவர்டைப் பார்த்தார்கள், சிரிப்பு நின்றது. ஹெஸ்ஸல் எழுந்தார். பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டார்.

"தப்பு என்னோடதுங்க. நான்தான் வெளையாட்டா..."

அவர் கைமேல் ஒரு கை வந்து விழுந்தது. ஆற்றங்கரைக் காற்றில் விழுந்த அதே கை.

"உக்காரு" என்றார் ஏவர்ட். பிறகு வட்டத்தைப் பார்த்து, வகுப்பில் பாடம் சொல்லும் குரலில் சொன்னார். "இவர் என் தங்கச்சி வீட்டுக்காரர் இல்ல. என் வீட்டுக்காரர். ரெண்டு பேரும் வேற வேற வீட்லதான் இருக்கோம். ஆனா விஷயம் அதுதான்."

தீனெகா காலி நாற்காலியில் உட்கார்ந்து, ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு ரொட்டி கொண்டு வந்திருப்பேனே" என்றாள்.

பூர்ஸ்மா அம்மாள் முகம் சுருங்கி யோசித்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் தப்பால்ல வாழ்த்தியிருக்கேன்" என்றார் கடைசியில். இரு கையாலும் நடைவண்டியைப் பிடித்து, எழ முயன்று, நாற்காலியிலேயே விழுந்து, மறுபடி முயன்று எழுந்தார். வட்டத்தைக் குறுக்கே கடக்காமல், முறைப்படி சுற்றியே வந்தார். ஹெஸ்ஸல் உதவப் போனபோது, "உக்காருங்க, வாழ்த்து வாங்கறவர் எழக்கூடாது" என்று அதட்டினார்.

"உங்க வீட்டுக்காரருக்கு எண்பது வயசு. உங்களுக்கு வாழ்த்துகள், தம்பி."

ஹெஸ்ஸல் அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. ஊன்றுகோல்காரர் ஒருவர், சக்கர நாற்காலியில் ஒருவர். ஒவ்வொருவராக வந்து வாழ்த்தைத் திருத்திச் சொன்னார்கள். தன்னை இத்தனை பேர் இந்தச் சொல்லால் வாழ்த்த ஒருநாள் வரும் என்று இருபத்து நாலு வயதில் யாராவது சொல்லியிருந்தால், அவர் நம்பியிருக்க மாட்டார்.

மூர்மன் எழவில்லை. "நான் ஒரு தடவை சொல்லியாச்சு. முட்டி வலிக்குது" என்று கேக்கைப் பார்த்தபடி சொன்னார்.

ஏவர்ட் ஹெஸ்ஸலின் காதருகே குனிந்தார். "உன் பாட்டுக்குழு ஆளுங்க இப்போ எங்க இருப்பாங்க?"

"படகுத்துறை காபிக்கடையில. சும்மா காபி குடிக்கப் போறோம்னு சொன்னாங்க."

"ஸ்கார்ஃபோடயா?"

"ஸ்கார்ஃபோடதான்."

"வரச் சொல்லு."

ஹெஸ்ஸல் போனை எடுத்தார். பேசி முடிப்பதற்குள் பூர்ஸ்மா அம்மாள் எத்தனை பேர் என்று கேட்டு, மிச்ச கேக்கை மெலிதாக நறுக்கச் சொல்லிவிட்டார்.

"இன்னும் ஆளுங்க வராங்களா?" என்றார் மூர்மன். "அப்போ அத்தனை பேருக்கும் கை குடுக்கணுமே."

"குடுக்கணும்" என்றாள் தீனெகா.

மூர்மன் பெருமூச்சு விட்டார். தட்டைக் கீழே வைத்து, விரல்களில் ஒட்டியிருந்த கேக் துணுக்கைக் காகிதத்தில் அழுத்தித் துடைத்து, வலது கையை முட்டிமேல் தயாராக வைத்துக்கொண்டார்.