விலகி நடந்த நாற்காலி

இரத்தப் பரிசோதனையின் முடிவைச் சொன்ன அன்று, தையல்காரி உட்காரப் போன நாற்காலி ஒரு முழம் பின்னால் நகர்ந்துகொண்டது. அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். மாசமானவர்களுக்கு வழக்கமாக எடுக்கும் பரிசோதனைதான் அது. ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்றார்கள். சொல்லி வாய் மூடவில்லை, நாற்காலி விலகிவிட்டது. விழப் போனவளைத் தாங்கிப் பிடித்தவர் தலைமை நர்ஸ். "பயப்படாதம்மா. சில பேருக்கு இப்படி ஆகும்" என்று ஜலதோஷத்தைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். தினமும் விடாமல் மாத்திரை போட்டால் குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்க முடியும், பிறந்ததும் குழந்தைக்கும் கொஞ்ச நாள் மருந்து கொடுக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். "தொட்டா ஒட்டாது, ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாலும் ஒட்டாது, புரியுதா?" என்றார். தையல்காரி சுவரோரம் ஒண்டி நின்ற நாற்காலியைப் பார்த்தாள். "எனக்குப் புரியுது. அதுக்கு யாரு சொல்றது?" என்றாள்.

அன்றிலிருந்து எதுவும் அவள் அருகில் நிற்கவில்லை. பேருந்தின் கைப்பிடி எட்டாமல் ஆடியது. தண்ணீர் டம்ளர் மேசையின் மறுமுனைக்குப் போய் நின்றது. தலையணை கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டதால் அவள் கையை மடித்து வைத்துத் தூங்கப் பார்த்தாள், தூக்கம்தான் வரவில்லை. அவள் காலர் தைத்துவந்த சட்டைக் கம்பெனியில் அவளுடைய மெஷின் ஜன்னலோர வரிசையை விட்டுக் கிளம்பி இஸ்திரி மேசைகள் வரை போனது. அவளும் ஓடி ஓடி, நின்றபடியே தைத்தாள். கூட வேலை செய்தவர்கள் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், அடுத்த வாரம் தங்கள் முக்காலிகளைத் தாங்களே தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அவளுக்கு எது அதிகம் வலித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. சூப்பர்வைசர் வந்து, "உன் மெஷினை ஒரு எடத்துல நிக்கச் சொல்லும்மா" என்றார். "நான் சொன்னா கேக்குதா சார்?" என்றாள். காலர் எதுவும் கோணவில்லை என்பதால் அவர் அதற்கு மேல் பேசவில்லை.

வீட்டில் ஒரு விஷயம்தான் அவளை அரித்தது. அவள் கணவன் தச்சு வேலை செய்பவன். கல்யாணத்துக்கு முன்பே தன் நாற்காலியைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கியிருந்தான். கட்டிலைச் சுவரோடு பிணைத்திருந்தான், டம்ளரை மேசைக்காலில் சங்கிலியால் கட்டியிருந்தான். திருட்டுப் பயம் என்பான். அவளும் அதைச் சொல்லிச் சொல்லி அக்கம்பக்கத்தில் சிரித்திருக்கிறாள். இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். ஓட முடியாமல் அது நடுங்கியது. வேலை முடிந்து அவன் உள்ளே நுழைந்ததும் நடுக்கம் இரண்டு மடங்கானது.

"எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?"

அவன் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே. சொன்னா நீ வேணாம்னு போயிடுவேன்னு…"

"ஆக, நாற்காலிக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல."

அவள் அழுதாள், கத்தினாள், துணிகளை மூட்டை கட்டினாள். மூட்டையும் அவளை விட்டு நகர்ந்து வாசல் வரை போனது. அங்கேயே வெகுநேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து, "எல்லாத்தையும் கழட்டுங்க. எனக்கு ஓடுறது உங்களுக்கும் ஓடட்டும். நாளைக்கு என்கூட வந்து மாத்திரை வாங்கிக்கங்க" என்றாள். அவன் விடியும்வரை திருகாணிகளைக் கழற்றினான். மன்னித்தாளா என்று கேட்டால், அவளுக்கே தெரியாது. மாத்திரை நேரத்தில் மட்டும் இருவரும் ஒன்றாக டம்ளரைத் துரத்தினார்கள்.

வலி கண்ட நாளில் பிரசவக் கட்டில் அவளைச் சுமந்துகொண்டே அறையை விட்டு உருண்டு வெளியேறியது. இரண்டு ஆயாக்கள் பிடித்தும் நிற்கவில்லை. அப்போது அவள் கணவன் ஓடிப் போய் வராந்தாவின் கோடியில் கையை விரித்து நின்றான். அவளை விட்டு ஓட முன்னால் போனால் எதிரே அவன், அவனை விட்டு ஓடப் பின்வாங்கினால் மேலே அவள், கட்டில் நடுவில் திகைத்து நின்றது. குழந்தை அங்கேயே பிறந்தது. பெண் குழந்தை. துடைத்து அவள் மார்பில் போட்டார்கள். குழந்தை நகர ஆரம்பித்ததும் தையல்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அது விலகவில்லை. தலையை ஆட்டி ஆட்டி, முட்டி மோதி, மேலே ஏறி அவள் மார்பைக் கவ்விக்கொண்டது.

"குடுக்கலாமா?" என்று அலறினாள்.

"நீ மாத்திரைய விடல, ரத்தத்துல கிருமி அடங்கியிருக்கு. தாராளமாக் குடு" என்றார் நர்ஸ்.

கடைசிப் பரிசோதனைக்குக் குழந்தை நடக்கும் வயது ஆக வேண்டும் என்றார்கள். அதுவரை அவள் நிலைகொள்ளாமல் தவித்தாள். குழந்தையின் பக்கத்தில் கிலுகிலுப்பையை வைத்துவிட்டு, தன்னால் அது நகரக் கூடாதென்று வெளியே ஓடி, ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். கிலுகிலுப்பை லேசாக உருளும். காற்றா, இல்லை குழந்தையை விட்டு விலகுகிறதா? திரும்ப வைப்பாள், திரும்ப ஓடுவாள். குழந்தைக்கு நர்ஸ் கொடுக்கச் சொன்ன மருந்துக் காலம் முடிந்தும் அவள் ஓட்டம் நிற்கவில்லை. நர்ஸ் கேள்விப்பட்டுத் திட்டினார்: "உனக்கே நாங்க சொன்னப்புறம்தானே நாற்காலி ஓடிச்சு? அதுங்களுக்கு என்ன தெரியும்? ரத்தம் சொல்றதக் கேளு." அதற்கும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கிலுகிலுப்பையைத்தான் தேடினாள்.

முடிவு வந்தது. குழந்தைக்கு நோய் இல்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். நர்ஸ் படித்தார். அவள் உட்காரப் போனாள், நாற்காலி வழக்கம்போல நகர்ந்தது, அவள் தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். கணவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தள்ளி உட்காரவில்லை.

பொருட்கள் மாறவில்லை, அவர்களும் மாத்திரையை விடவில்லை. மகள் ஓடும் பாத்திரங்களுக்கு நடுவே வளர்ந்து, பள்ளிக்கூடம் போனாள். முதல் நாள் முகம் வாடித் திரும்பினாள். "அம்மா, எங்க கிளாஸ்ல பெஞ்செல்லாம் நின்ன எடத்துலயே நிக்குது. அதுங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"சில பெஞ்சு அப்படித்தான் கண்ணு. போகப் போகப் பழகிடும்" என்றாள் தையல்காரி. மகள் சரி என்று சொல்லிவிட்டு, அப்பா சாப்பிட வந்ததும் நகரத் தொடங்கிய தட்டைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.