ஒரு கிழமைத் தூரம்

நபீஸா கோழிச் சூப்பை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு முற்றத்தை எட்டிப் பார்த்தாள். முன்வீட்டிலிருந்து மகள் நஸ்லா வருகிறாளோ என்ற பயம். சாய்ந்தமருதில் அந்த வீடு மகளுக்குச் சீதனமாகப் போன நாளிலிருந்து, நபீஸாவும் கணவர் முகைதீன்பாவாவும் பின்வளவில் கட்டிய சின்ன வீட்டில்தான் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு முற்றமும் ஒரு கொய்யா மரமும்தான்.

முகைதீன்பாவா முந்தநாள் கொழும்பிலிருந்து வந்திருந்தார். ஈரலில் புற்றுநோய். கண்ணுக்குத் தெரியாத கதிரியக்க மணிகளை இரத்தக் குழாய் வழியாகக் கட்டிக்குள் செலுத்தியிருந்தார்கள். அவை உள்ளேயே தங்கிக் கட்டியைச் சுடும். வீட்டுக்கு அனுப்பும்போது தாதி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு கிழமைக்கு, ஏழு நாள் முடியும்வரை, கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இவருக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது; மற்றவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

நஸ்லாவின் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. வயிற்றுப்பிள்ளைக்காரியின் காதில் கெட்ட செய்தி விழக் கூடாது என்பது அந்த வீட்டுப் பெண்களின் வழக்கம். அதனால் நபீஸா, "ஈரல்ல சின்ன வீக்கம், மருந்து போட்டிருக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மகள் வரும்போதெல்லாம் வாப்பா தூங்குகிறார், குளிக்கிறார் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

நஸ்லாவுக்கு அது பொறுக்கவில்லை. அவளுடைய சின்ன வயதில், கொழும்பு பஸ் ஓட்டிய காலத்தில், வாப்பா விடியற்காலையில்தான் வந்து சேருவார். சட்டையில் டீசல் மணக்கும், கையில் நிட்டம்புவையில் வாங்கிய ரம்புட்டான் பழக்கொத்து தொங்கும். அவருடைய கையைத் தலையணையாக்கிப் படுத்துக்கொண்டு, மகியங்கனை மலைவளைவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். "இப்ப பஸ் எங்க நிக்கிது வாப்பா?" என்பாள். கடைசி வளைவுக்கு முன்னால் இரண்டு பேருமே தூங்கிப்போவார்கள். அந்தக் கை இப்போது முற்றத்துக்கு அப்பால் தனியாகக் கிடக்கிறது. வாப்பா பிழைக்க மாட்டார், மௌத்தாகப் போகிறார், அதைத்தான் உம்மா மறைக்கிறாள் என்று அவள் நினைத்தாள்.

உம்மா நண்பகல் லுஹர் தொழுகையைத் தொடங்கித் தக்பீர் கட்டிய நேரம் பார்த்து அவள் உள்ளே போனாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வாப்பாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

முகைதீன்பாவா கண் விழித்தார். கைக்குக் கீழே குழந்தை அசைந்தது. அந்த ஒரு கணம் அவருக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை. பிறகு நெருப்பில் பட்டதுபோல் இழுத்துக்கொண்டார்.

"எழும்பு! வெளிய போ!"

"நான் என்ன செஞ்சன் வாப்பா? ஏன் என்னை வெரட்டுறீங்க?"

"வாசலுக்குப் போ மகள். போய் அங்க நிண்டு கேளு, எல்லாத்தையும் சொல்றன்."

அவள் அழுதபடி வாசலுக்குப் போனாள். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த நபீஸா ஓடி வந்தபோது அவர் சொல்லத் தொடங்கியிருந்தார். புற்றுநோய் என்ற சொல்லையும் சொன்னார். நஸ்லா மயங்கி விழவில்லை. இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு உம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா நான் கிட்ட வந்திருப்பனா உம்மா? என்ட புள்ளைக்கு ஏதும் நடந்தா என்ன செய்வீங்க?"

நபீஸா தொலைபேசியை எடுத்து வைத்தியசாலைக்கு அழைத்தாள். நடந்ததைத் தாதி நிதானமாகக் கேட்டாள். கொஞ்ச நேரம் இருந்ததற்குப் பயப்படத் தேவையில்லை, இனி அந்தக் கிழமை முடியும்வரை தள்ளியே இருக்கட்டும், கர்ப்பிணிக் கிளினிக் டொக்டரிடமும் சொல்லிவையுங்கள் என்றாள். கதிர் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும் என்றும் சொன்னாள். நபீஸா சுவரில் சாய்ந்து அழுதாள்.

பின்னேரம் நஸ்லா ஒரு கதிரையைத் தூக்கி வந்து கொய்யா மரத்தடியில் போட்டு உட்கார்ந்தாள். முகைதீன்பாவா வாசலில் சாய்ந்திருந்தார்.

"இப்ப பஸ் எங்க நிக்கிது வாப்பா?"

"மூணாம் வளைவு. முன்னால ஒரு லொறிக்காரன், ஆமை மாதிரிப் போறான்."

"ஹோர்ன் அடிங்க!"

அவர் சிரித்தார். அந்த நேரம் பக்கத்து வளவு சபூறா பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நோய் விசாரிக்க வந்தாள்.

"என்னகா நபீஸா, வாப்பாவும் மகளும் கோவமா? ஆளுக்கொரு மூலையில இருந்து கதைக்காங்க?" என்று கேட்டவாறே வாசலை நோக்கி நடந்தாள்.

வீக்கம் என்ற சொல் நபீஸாவின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் குழந்தையைப் பார்த்தாள். சபூறாவின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நில்லுங்க சபூறா. அவருக்குப் புற்றுநோய். உள்ளுக்குள்ள கதிர் மருந்து போட்டிருக்கு. புள்ளைய என்னட்டத் தாங்க, நீங்க மட்டும் போய்ச் சலாம் சொல்லிட்டு வாங்க. தொத்துற வருத்தமில்ல, பயப்படாதீங்க. ஒரு கிழம கழிச்சுப் புள்ளையையும் கூட்டிட்டு வாங்க, மடியிலயே வெச்சுக் கொஞ்சட்டும்."

சபூறா வாயைப் பிளந்தாள். "இதையெல்லாம் இப்பிடி வெளிய சொல்லலாமாகா?"

"சொல்லணும் சபூறா. வருத்தத்தச் சொன்னா வெக்கம் மட்டுந்தான். மறைச்சா, நாம ஆசையா வளக்கிற புள்ளைக்குத்தான் கேடு."

சபூறா இடுப்பிலிருந்த குழந்தையை நபீஸாவிடம் நீட்டிவிட்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள்.