பாட்டை முழுசாகக் கேட்டவன்

இந்தியாவில் இதுவரை ஒருவர்கூட ஒரு பாட்டை முழுசாகக் கேட்டதில்லை. இது கிரிஷின் கண்டுபிடிப்பு. பங்காரப்பேட்டை தாண்டி ரயில் வேகமெடுக்கும் இடத்தில் அவனுக்கு இது விளங்கியது. ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் நிரூபித்தும் முடித்துவிட்டான். ரேடியோவில் கேட்பவன் பாதி கேட்கிறான், மீதியைக் காற்று தின்கிறது. கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் கேட்பவன் பந்தியில் நடக்கும் சண்டையையும் சேர்த்துக் கேட்கிறான். டீக்கடையில் கேட்பவன் கேட்பதே இல்லை. ஆகவே தொண்ணூற்றெட்டாம் வருஷம் வரைக்கும் இந்த நாட்டில் சங்கீதம் என்பது வெறும் வதந்தியாகத்தான் பரவியிருக்கிறது.

எதிர் சீட்டில் இருந்த ரவிகுமார், பாடினவர்களாவது முழுசாகக் கேட்டிருப்பார்களா என்று விசாரித்தான். கிரிஷ் அதையும் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அவங்க பாடிகினு இருந்தாங்கடா. கேக்க எங்க நேரம்?"

இரண்டு பேரும் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு தினமும் ரயிலில் போய்ப் படிக்கிறவர்கள். இரண்டு பேரின் அப்பாக்களும் கனரக எந்திரத் தொழிற்சாலையில் வேலை. ரவிகுமார் ரயிலில் தூங்குவான். கிரிஷ் ரயிலில் தத்துவம் செய்வான்.

தீர்வு ஹெட்ஃபோன். அதுவும் கண்ட ஹெட்ஃபோன் இல்லை, அவரவர் காதுக்கு ஏற்றது. காதுகளை கிரிஷ் மூன்றாகப் பிரித்திருந்தான். குரல் காது வார்த்தையை மட்டும் பிடிக்கும், அதற்கு லேசான பஞ்சு வைத்தது போதும். கம்பிக் காது வயலினுக்கும் சலங்கைக்கும் உருகும், அதற்கு மேல்சத்தம் கீறாமல் வரவேண்டும். மூன்றாவது தாளக் காது. பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சத்தம் இருக்கிறதே, பேஸ், அதைத் தேடி அலையும் அபூர்வ ஜாதி. அதற்குக் காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்ஃபோன்தான் சரி. தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் அவன் அனைவரையும் பரிசோதித்துவிட்டான். அப்பா பக்தவச்சலம் குரல் காது, அதிலும் செய்தி வாசிப்பவர் குரல் மட்டும். பக்கத்து வீட்டு பிலோமினா ஆன்ட்டி சர்ச் ஆர்கனில் குறை கண்டுபிடிப்பதால் கம்பிக் காது. தாளக் காது அந்த வரிசையிலேயே ஒருவனுக்குத்தான் வாய்த்திருந்தது. யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்கா நேத்ராவுக்குக் காதே கிடையாது என்பது அவன் தீர்ப்பு. காரணம், அவள் பாட்டு கேட்கும் லட்சணம். வாக்மேனோடு வந்த பழைய பஞ்சு ஹெட்ஃபோனை எடுத்து ஒரு பக்கத்தை வலது காதில் வைப்பாள், மறு பக்கத்தைத் தலைமுடிமேல் தள்ளி விட்டுவிடுவாள். அப்படியே பருப்பு தாளிப்பாள், துணி மடிப்பாள், வாசலில் காய்காரனைக் கூப்பிடுவாள்.

"பாதி மூஞ்சிக்கு மட்டும் சவரம் பண்ணிகினு வெளிய போவாங்களாக்கா?"

"நான் ஏன்டா சவரம் பண்ணிக்கிறேன்? வூட்ல இன்னா நடக்குதுன்னு ஒரு காது பாத்துகினு இருக்கணும்டா."

இந்த பதிலை கிரிஷ் ரயிலில் அவள் குரலிலேயே நடித்துக் காட்டினான். அந்த நடிப்பு ஒரு வாரம் ஓடியது. சீட்டு விளையாடும் பெரியவர்கள்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டு ரசித்தார்கள்.

தன் காதுக்கு ஏற்றதைத் தேடி அவன் பெங்களூர் மெஜஸ்டிக் பக்கத்து பஜாரில் பல சனிக்கிழமைகளைச் செலவழித்தான். சொந்த கேசட்டைக் கையோடு எடுத்துப் போவான். ஒவ்வொன்றாக மாட்டிக் கண்ணை மூடுவான். ஒன்றில் பாடகர் குளியலறையில் நின்று பாடினார். ஒன்று காதைக் கடித்தது. ஒன்றில் வயலின் அப்படியே தேனாக இறங்கியது, இதெல்லாம் பிலோமினா ஆன்ட்டிக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். கடைக்காரர் அவனுக்கு ஒரு ஸ்டூலே ஒதுக்கினார். ரவிகுமார் வெளியே நின்று மசாலா பூரி தின்று தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டான். கடைசியில் ஒரு நாள், கறுப்பில், தோல் மெத்தை வைத்து, இரண்டு கிண்ணங்கள் போல ஒன்று வந்தது. மாட்டினான். கடைக்காரர் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. தெருவில் பஸ் போனது, ஹாரன் இல்லை. பாட்டின் அடித்தாளம் மட்டும் நெஞ்சுக்குள் இறங்கியது.

"உலகம் செத்துப்போச்சு," என்றான் கிரிஷ். தன் குரல் தனக்கே கேட்காததால் அதைக் கத்திச் சொல்லியிருந்தான். கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

நேத்ராவுக்கு அப்போது வேறு சத்தம் ஒன்று தேவைப்பட்டது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து இரண்டு வருஷமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். பெங்களூர் பீன்யாவில் ஒரு கம்பெனியில் மட்டும் எழுத்துத் தேர்வு வைத்து, தேறினவர்களுக்குப் போன் செய்வோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் போன் கிடையாது. எல்லோரும் செய்வதுபோல விண்ணப்பத்தில் பக்கத்து வீட்டு நம்பரை எழுதி, கூப்பிட்டுக் கொடுக்கும் நம்பர் என்பதற்கு அடையாளமாக பி.பி. என்று போட்டிருந்தாள். பிலோமினா ஆன்ட்டிக்கு முழங்கால் வீக்கம், படியிறங்கி வந்து கூப்பிட முடியாது. அதனால் ஓர் ஏற்பாடு இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். போன் வந்தால் ஆன்ட்டி பூரிக்கட்டையால் சுவரில் மூன்று தட்டு தட்டுவாள். இந்தப் பக்கம் யாராவது ஓடுவார்கள்.

அந்த வாரம் முழுக்க நேத்ரா சுவரை விட்டு நகரவில்லை. சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் போயே ஆகவேண்டிய வேலை வந்தது. சர்டிஃபிகேட் நகல்களில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்க ராபர்ட்சன்பேட்டைக்குப் போகவேண்டும். அப்பா வேலையில். அம்மா பூதிகோட்டையில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். கிரிஷுக்குக் கல்லூரி லீவு.

சுவரை ஒட்டியே உட்காரச் சொன்னாள். தட்டினால் ஓடிப்போய், அக்கா இதோ வருகிறாள், என்னவென்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று கேட்க வேண்டும். வாசல் வரை போனவள் திரும்பி வந்து மறுபடியும் அதையே சொன்னாள்.

"அக்கா, இந்த ஊர்லயே நல்ல காது என்னுதுதான். நீ போ."

சொன்னபடி சுவரை ஒட்டித்தான் உட்கார்ந்தான். முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டினான். ஒரே ஒரு பாட்டு, மெதுவாக வைத்துக் கேட்கலாம் என்பது எண்ணம். மெதுவாக வைத்தால் பேஸ் சரியாகக் கிடைக்கவில்லை. கொஞ்சம் கூட்டினான்.

இரண்டாவது பாட்டின் நடு இசையில் அது வந்தது. டொம், டொம், டொம். காதில் இல்லை, முதுகெலும்பில். கிரிஷுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாடல் தொடர்ந்தது. மறுபடியும் டொம், டொம், டொம். இத்தனை நாள் இந்தக் கேசட்டைக் கேட்டும் இப்படி ஒரு தாளம் உள்ளே புதைந்து கிடந்தது தெரியாமல் போயிற்றே என்று அவனுக்கு இசையமைப்பாளரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. மூன்றாவது முறை தாளம் மாறி, அவசரமாக, தாறுமாறாக விழுந்தது. எவ்வளவு துணிச்சல், என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

பாட்டு முடிந்ததும் பின்னால் சுற்றிப் போட்டான். நடு இசை வந்தது. டொம் வரவில்லை. மறுபடி சுற்றினான். வரவில்லை. கேசட்டை வெளியே எடுத்து, பேனாவை நுழைத்து நாடாவை இறுக்கி, துடைத்துப் போட்டான். வரவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி அதன் மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு வாசலிலிருந்து பிலோமினா ஆன்ட்டியின் குரல் கேட்டது.

"நேத்ராம்மா, இப்பதான் வர்றியா? வூட்ல யாருமே இல்லியா? சுவரே பேந்துடும் போல தட்டினேன் கண்ணு. பெங்களூர்லேந்து ஒரு அம்மா, இங்கிலீஷ்ல பேசினாங்க. இருங்க இருங்கன்னேன். பாவம், இருந்தாங்க. அப்பால வெச்சிட்டாங்க."

கிரிஷ் ஹெட்ஃபோனைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். பிறகு அவன் செய்த முதல் காரியம் ஹெட்ஃபோனைத் தலையணைக்கு அடியில் தள்ளியது.

நேத்ரா உள்ளே வந்தாள். கையில் நகல்கள், எல்லாவற்றிலும் பச்சை மையில் கையெழுத்து. அவள் கோபமாகக் கேட்டிருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"தட்டினது கேக்கலியாடா?"

"கேட்டுச்சுக்கா. ஏர் பிளாஸ்ட்னு நெனச்சிட்டேன்."

அந்த ஊரில் மட்டும் செல்லுபடியாகும் பொய். சுரங்கத்தின் ஆழத்தில் பாறை வெடித்து நகரும்போது தரைக்கு அடியிலிருந்து இப்படித்தான் ஒரு டொம் வரும். நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் வெடித்தால் குவார்ட்டர்ஸ் வரைக்கும் தெரியும். யாரும் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள்.

நேத்ரா நம்பினாள். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது நடந்து வந்தாள். திங்கட்கிழமையே சேர முடியுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டார்களாம், உடனே பதில் வேண்டியிருந்ததாம், லிஸ்டில் அடுத்த பெண் போனை எடுத்துச் சரி என்று சொல்லிவிட்டாளாம். மறுபடி இடம் வந்தால் சொல்கிறோம் என்றார்களாம். இதையெல்லாம் அவள் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் கிரிஷைப் பிடித்துக்கொண்டார். சுவரில் தட்டுவதற்கும் பாறை வெடிப்பதற்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம் காலேஜுக்குப் போய் என்ன கிழிக்கிறது என்று கேட்டார். நேத்ராதான் குறுக்கே வந்தாள். ஆன்ட்டி தட்டுவது அப்படித்தான் இருக்கும், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன், அவனை விடுங்கள் என்றாள். தம்பியின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அந்தச் சோற்றை கிரிஷ் தண்ணீர் குடித்து இறக்கினான்.

அதன் பிறகு ஹெட்ஃபோன் அவன் துணிகளுக்கு அடியில் கிடந்தது. ரயிலில் ரவிகுமார், உலகம் இன்னும் செத்துத்தான் கிடக்கிறதா என்று விசாரித்தான். காது வலி என்றான் கிரிஷ். எந்தக் காது என்றான் ரவிகுமார். கிரிஷ் யோசித்து, இரண்டும் என்றான். சீட்டு விளையாடும் பெரியவர் ஒருவர் தன் மகனுக்கு எந்த ஹெட்ஃபோன் வாங்கலாம் என்று கேட்டார். மகனுக்கு எப்படிப்பட்ட காது என்றே கிரிஷ் கேட்கவில்லை. பஞ்சு வைத்தது போதும் சார் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டில்தான் கஷ்டம். நேத்ரா ஒருநாளாவது முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் அவனும் பதிலுக்குத் தூக்கி வைத்துச் சரிக்கட்டியிருப்பான். அவள் வழக்கம்போல ஒற்றைக் காதில் பாட்டோடு துணி மடித்தாள், அவன் சட்டையை மட்டும் தனியாக இஸ்திரி போட்டு வைத்தாள். சொல்லிவிடலாம் என்று தினமும் ஒரு வாக்கியத்தைத் தயாரித்தான். அதை வாய் வரைக்கும் கொண்டுவந்து, "அக்கா, காபி இருக்கா?" என்று முடித்தான். காபி குடித்துக் குடித்தே தூக்கம் போயிற்று.

அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, சொல்வதற்குப் பதிலாகக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தான். துணிகளுக்கு அடியிலிருந்து எடுத்து, துடைத்து, அவள் முன்னால் நீட்டினான்.

"நீயே வெச்சுக்கோக்கா. எனக்கு ஒத்துக்கல."

நேத்ரா அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். அவ்வளவு தேடி வாங்கினதாச்சே என்றாள். வாங்கி மாட்டிக்கொண்டாள், அவன் ஆசைக்காக இரண்டு காதிலும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கிரிஷ் பாட்டைப் போட்டான். அவள் தலையாட்டி, நன்றாக இருக்கிறது என்று கையால் காட்டினாள்.

அந்தப் பக்கம் பிலோமினா ஆன்ட்டி ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு இஞ்சி பூண்டு இடிக்க ஆரம்பித்தாள். கிரிஷுக்கு அது நன்றாகக் கேட்டது. நேத்ராவுக்குக் கேட்டிருக்காது. ஆனால் அவள் தலையாட்டுவது நின்றது. முதுகைச் சுவரிலிருந்து எடுத்தாள். மறுபடி சாய்ந்தாள். அவள் கை பின்னால் போய்ச் சுவரைத் தொட்டது, உள்ளங்கை விரிந்து அங்கேயே இருந்தது. பிறகு தம்பியைப் பார்த்தாள்.

கிரிஷ் தரையைப் பார்த்தான்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, அவன் மடியில் வைத்தாள். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது, சத்தமே போடாமல்.

"ஏர் பிளாஸ்ட்னா அலமாரில தட்டெல்லாம் ஆடும்டா, கிரிஷ்."

அவன் அடுக்களை வாசல் வரை போனான். "அக்கா," என்றான். அவள் திரும்பவில்லை. அந்த முறை அவன் காபி கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னான், ஒரு பாட்டு என்று ஆரம்பித்தது, சத்தத்தைக் கூட்டியது, பேஸ் என்று நினைத்துக் கண்ணை மூடியது, எல்லாம். சொல்லச் சொல்ல அது ரயிலில் நடித்துக் காட்டக்கூடிய பிரமாதமான கதையாக இருந்தது. அதுதான் அவனுக்கு மிகவும் கேவலமாக இருந்தது. நேத்ரா வெங்காயத்தை வதக்கி முடித்தாள்.

"நாளைக்கு நானே நேர்ல போறேன்," என்றாள். "பீன்யால அது ஒரு கம்பெனிதானா இன்னா? நீ வூட்ல இரு, ஆன்ட்டி தட்டினா ஓடு."

திங்கட்கிழமை விடிகாலை ரயிலில் அவள் ஃபைலோடு போனாள். கிரிஷ் கல்லூரிக்குப் போகவில்லை. அம்மா சமையலில் இருந்தாள். அவன் சுவரை ஒட்டி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் சும்மாவே இருந்தான். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடியது, நின்றது. ஆன்ட்டி யாரையோ திட்டினாள். பிறகு அவன் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டு பாட்டைப் போட்டான். பாட்டு முழுசாக, கனமாக வந்தது.

நாலு வரி போவதற்குள் இடது பக்கத்துக் கிண்ணத்தைக் காதிலிருந்து தூக்கி, தலைமுடிமேல் தள்ளி வைத்துக்கொண்டான்.