உப்பு லாரி வருவதற்குள்

"இழுக்காதேன்னு சொல்றேன்ல, காதுல விழல—"

"தரை சரிவா இருக்கு, வண்டி உருண்டு தெருவுக்குப் போனா நீயா புடிக்கப்போற? ஹேண்ட்பிரேக் போடாம எவனாவது—"

"ஆறு மாசம் அப்படியே கெடந்தா பிரேக் கட்டை டிரம்மோட ஒட்டிக்கும், ஒட்டிக்கும்னு எத்தனை தடவதான்—"

"ஒட்டினா ஒட்டட்டுமே. விக்கப்போற வண்டிதானே?"

'விக்கப்போற' என்றதும் ஊர்ஹோவின் கை கதவு நிலையைப் பற்றியது.

சமையலறையிலிருந்து ஷெட்டுக்கு இறங்கும் கதவில் நின்றிருந்தார். காலில் கம்பளிக் காலுறை மட்டும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோழி பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் வண்டி இருந்த திசையைப் பார்த்தார். இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்க முடியும். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு சாம்பல் ஓட்டை, ஓரத்தில்தான் மிச்ச உலகம். ஆகஸ்ட்டில் கண் டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு இனி ஓட்ட வேண்டாம் என்று மெதுவான குரலில் சொன்ன நாளிலிருந்து இன்று வரை ஊர்ஹோ இந்தக் கதவைத் திறந்ததே இல்லை.

பழைய சிவப்புக் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த வியெனோ, கையை ஹேண்ட்பிரேக்கிலிருந்து எடுக்காமல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். ஒரு மணி நேரமாக அவரை இந்தக் கதவுக்கு வரவழைக்கத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். பானெட்டை மூன்று முறை படாரென்று அறைந்து சாத்தினாள். ஆயில் டப்பாவை உதைத்து உருட்டினாள். கம்பி நாரை எந்த ஓட்டையில் அடைப்பது என்று ஷெட்டே அதிரும்படி தன்னைத் தானே கேட்டுக்கொண்டாள். மனுஷன் அசையவில்லை. ஹேண்ட்பிரேக் கிரீச்சென்று ஏறிய சத்தம்தான் அவரை நாற்காலியிலிருந்து கிளப்பியது.

அந்தச் சத்தம் கிளப்பும் என்று அவளுக்குத் தெரியும். மகள் ரீட்டா பிறந்த வருஷம், வலி எடுத்துவிட்டதென்று அவள் கூப்பிட்டபோது, வண்டியைக் குளிர்காலத்துக்கு நிறுத்திக்கொண்டிருந்தவர் அவசரத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு ஓடிவந்தார். வசந்தத்தில் பின்சக்கரம் இரண்டும் கல்லாகிவிட்டன. மரச்சுத்தியலோடு அதன் அடியில் படுத்துக்கொண்டு அவர் திட்டிய திட்டில் தொட்டில் பிள்ளை விழித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் அந்தத் தப்பைச் செய்ததில்லை.

அந்த ரீட்டாதான் போன வாரம் டொரண்டோவிலிருந்து போன் செய்தாள். "அப்பா, வின்னிபெக்ல ஒருத்தர் கேக்கறார். சனிக்கிழம டிரெய்லரோட வருவார். வியாழக்கிழம சாயங்காலம் போன் பண்ணி உறுதி பண்ணிக்குவார். குடுத்துடுங்களேன். இனிமே யார் பாத்துக்கறது?" ஊர்ஹோ, "சரி" என்றார்.

அந்தச் 'சரி'யைத்தான் வியெனோவால் நம்ப முடியவில்லை. அவளுடைய சக்களத்தி அந்த வண்டி. வாழ்நாளெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற வண்டி. அது ஒழிந்தால் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் இந்த மனுஷன் காப்பிக்குப் பால் விடுவதைக்கூடச் சண்டை போடாமல் ஒத்துக்கொண்டதில்லை. ஓட்டுவதை விட்டார், சரி. பேப்பரை விட்டார். பிறகு சனிக்கிழமை சவ்னா நீராவிக் குளியலை விட்டார், கல்லில் தண்ணீர் ஊற்றும் கரண்டி தெரியவில்லையாம். இப்போது எதிர்த்துப் பேசுவதையும் விட்டுவிட்டார். அடுத்து எதை விடுவார் என்று யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. இன்று வியாழக்கிழமை.

"பெட்ரோல் போட்டியா?" என்றார் கதவிலிருந்து.

"பாதி டாங்க் இருக்கு. கெடாம இருக்க மருந்தும் ஊத்திட்டேன். போதும்."

"பாதி டாங்க்லயா? மேல இருக்கற காலியெடம் பூரா வேர்த்து தண்ணியாயிடும், டாங்க் துருப்பிடிக்கும். கழுத்து வரைக்கும் நெரப்பணும். அப்பறம் நாலஞ்சு மைல் ஓட்டணும், அப்பதான் மருந்து கார்புரேட்டர் வரைக்கும் எறங்கும். ஆயிலும் சூடா இருக்கறப்பதான் மாத்தணும். ஒண்ணும் தெரியாம எதுக்கு..."

"அப்ப ஓட்டு."

"எனக்கேது லைசென்ஸ்?"

"எனக்கு இருக்கு."

ஊர்ஹோ சிரித்தார். ஆகஸ்ட்டுக்குப் பிறகு முதல் சிரிப்பு. நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது. "இது கிளட்ச் வண்டி, கெழவி. உன் தூங்குமூஞ்சிக் கார் மாதிரி தானா கியர் மாத்திக்காது."

"எங்கப்பாவோட டிராக்டரைப் பதினாலு வயசுல ஓட்டினவ நான். நீ அப்ப சைக்கிள்லயிருந்து விழுந்து எழுந்துக்கிட்டிருந்த."

அப்போது எதிர்வீட்டு ஒரேஸ்ட் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே தெருவைக் கடந்து வந்தான். பனி உருகச் சாலையில் உப்பு தூவும் நகராட்சி லாரியை ஓட்டுபவன். ஷெட்டுக்குள் எட்டிப்பார்த்து நின்றுவிட்டான்.

"என்னக்கா, இந்தச் சீட்டுல நீங்க?"

"ஏன், பொருந்தலையா?"

"ஊர்ஹோண்ணனே பக்கத்துல நிக்கறாரு, நான் எதுக்கு வாயத் தொறக்கணும்? சும்மா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். பனி வருதாம், யார்டுலேருந்து கூப்பிட்டுட்டாங்க. சீக்கிரமே உப்பு எறக்கிடுவோம்."

"எங்க தெருவுக்குக் கடைசியா வாயேன்டா."

"மேட்டுத் தெருவாச்சேக்கா. மொதல்ல மேடுதான்." ஊர்ஹோவின் பக்கம் திரும்பினான். "ஒரு பொட்டு உப்பு படாத வண்டியாச்சேண்ணே. என் கையால உப்பு பட்டுத் துருப்பிடிச்சா எனக்கு நரகத்துலகூட எடம் கெடைக்காது. போறதுன்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க."

அவன் போனதும் வியெனோ ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். "பூட்ஸை மாட்டு" என்றாள். "இல்லன்னா காலுறையோட வா. நான் போறேன்."

தெருமுனைக்குள் மூன்று முறை எஞ்சின் அணைந்தது. ஒவ்வொரு முறையும் ஊர்ஹோ நெஞ்சில் குத்துப்பட்டவர்போல முனகினார். அந்த வண்டியில் அந்தப் பக்கத்து இருக்கையில் அவர் உட்கார்ந்ததே இல்லை. முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அல்லாடினார். பெட்ரோல் பங்கில் டாங்க்கின் கழுத்தில் விரலை விட்டு, நனையும் வரை நிரப்பச் சொன்னார். மூடியை அவரே திருகினார்.

ஏரிச்சாலையில் திரும்பியதும், "இந்தப் பக்கம் இவ்வளவு காத்தா உள்ள வருது?" என்றார்.

"கல்யாணத்துலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

"நீ சும்மா கொறை சொல்றன்னு நெனச்சேன்."

"நெனப்ப, நெனப்ப."

 இரண்டாவது கியரில் எஞ்சின் வீறிட ஆரம்பித்தது. அவள் எப்போது மாற்றுவது என்று தெரியாமல் பல்லைக் கடித்தாள்.

"இப்ப இல்ல... இரு... இப்ப!" என்றார்.

மாற்றினாள். சத்தம் வழுக்கிக்கொண்டு இறங்கிச் சமமானது. அவர் கண்களை மூடியிருந்தார். வண்டி ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முதலில் திக்கென்றது. பிறகு அவள் சாலையைப் பார்த்துக்கொண்டாள். அடுத்த தடவை அவர் சொல்வதற்கு முன்னாலேயே மாற்றினாள். "ம்" என்றார். ஐம்பது வருஷத்தில் அவரிடம் அவள் வாங்கிய மிகப் பெரிய பாராட்டு அது.

திரும்பி வரும்போது கண்ணாடியில் முதல் பனித்துகள்கள் ஒட்டின. மேட்டுத் தெருவில் ஏறியபோது மேலே, தேவாலயத்துப் பக்கம், உப்பு லாரியின் ஆரஞ்சு விளக்கு சுழன்றது.

"ஆரஞ்சா?" ஊர்ஹோ தலையைச் சாய்த்தார். "ஓரத்துல தெரியுது. எங்க?"

"சர்ச்கிட்ட. எறங்கி வரான்."

"நம்ம வீட்டுக்கு அந்தாண்டையா, இந்தாண்டையா?"

"அந்தாண்ட. ஆனா நமக்கு முன்னாடி வந்துடுவான் போலருக்கே!"

"மூணாவதுல போட்டு அழுத்து. கால எடுக்காதே. எடுக்காதேங்கறேன்!"

"கத்தாதே கெழவா, அழுத்திக்கிட்டுதான் இருக்கேன்!"

இரண்டு பேரும் கத்திக்கொண்டே மேடேறினார்கள். விளக்கு தேவாலயத்து முனையிலேயே நின்று சுழன்றுகொண்டிருந்தது. இறங்கவில்லை. அவள் வண்டியைத் திருப்பி ஷெட்டுக்குள் விட்டு நிறுத்தினாள்; பழக்கத்தில் கை தானாக ஹேண்ட்பிரேக்கைத் தூக்கியது. அதற்கப்புறம்தான் லாரி ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கீழே இறங்கியது. உப்பு சாலையில் சரசரவென்று விழும் சத்தம் வாசலைக் கடந்துபோனது.

"படுபாவி, நமக்காக நின்னிருக்கான்" என்றார் ஊர்ஹோ. வண்டியைத் தடவிக்கொண்டே பின்பக்கம் நடந்தார்.

பிறகு வேலை ஓடியது. சூடான ஆயிலை அவள் வடித்தாள். புது ஆயில் ஊற்றும்போது அவர் அளவு கம்பியை விரலால் துடைத்துத் தடவிப் பார்த்தார். டயர்களுக்குக் காற்றை ஏற்றினார்கள். பேட்டரியைக் கழற்றி அவள் சமையலறைக்குத் தூக்கிப் போக, "தரையில வைக்காதே, பலகை மேல வை" என்று உள்ளே வரை அவர் குரல் துரத்தியது. "போன வருஷம் தரையிலதானே வெச்ச?" "அதனாலதான் சொல்றேன்!" சக்கரத்துக்கு முட்டுக்கட்டை அவரே வைத்தார், ஒன்றைக் கோணலாக. அவள் காலால் நேராக்கினாள். அந்தச் சத்தம் கேட்டு அவர் முறைத்தார், அவளை விட்டுக் கொஞ்சம் தள்ளி.

கடைசியாகக் கம்பி நார். எலி நுழையாமலிருக்க சைலன்சர் குழாயில் அடைத்து, சாவியை அந்த நாரிலேயே கட்டித் தொங்கவிடுவார். நாரை எடுக்காமல் யாரும் வண்டியைக் கிளப்பிவிட முடியாது. ஊர்ஹோ சிமெண்ட் தரையில் மண்டியிட்டார். குழாய் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நாரைக் கிழித்துக் கிழித்து உள்ளே திணித்தார். அவள் சாவியை நீட்டினாள். வாங்கி, முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

சமையலறையில் போன் அடித்தது.

வின்னிபெக்தான். இந்த நேரத்தில் வேறு யாரும் கூப்பிடுவதில்லை. வியெனோ அசையவில்லை. 'எடு' என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள்.  போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஊர்ஹோவின் விரல்கள் முடிச்சில் நின்றன. வெளியே பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. திறந்த ஷெட் வாசலில் உப்பு விழுந்த சாலை கறுப்பாகவும், அவர்கள் வண்டி ஷெட்டுக்கு ஏறி வந்த தடம் வெள்ளையாக மூடிக்கொண்டும் இருந்தது. அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார், போன் பக்கம் இல்லை, அவள் நின்ற பக்கம்.

"வியெனோ... ஹேண்ட்பிரேக்கை எறக்கிட்டியா?"